பழைய ஆங்கிலச் சொற்களும் நம் கடவுச்சீட்டும்

இந்தியக் கடவுச்சீட்டைத் திறந்தால், குடியரசுத் தலைவரின் பெயரால் சம்பந்தப்பட்ட அனைவருக்கும் விடுக்கப்பட்ட ஒரு வேண்டுகோள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். இதை வைத்திருப்பவரை 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' தாராளமாகப் போக விடுங்கள் என்பது அதன் சாரம். ஆங்கிலம் ஓரளவு தெரிந்த எவருக்கும் இந்த இடத்தில் ஒரு நெருடல் ஏற்பட வேண்டும், ஏனென்றால் 'லெட்' என்றால் விடு, அனுமதி என்றுதான் பள்ளியில் படித்திருக்கிறோம். அனுமதியும் இல்லாமல் இடையூறும் இல்லாமல் ஒருவரைப் போக விடுவது எப்படி? நம்மில் பெரும்பாலோர் பெயரின் எழுத்துகள் சரியாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவதால் இந்தக் கேள்வி எழுவதேயில்லை. மேலே இருக்கும் இந்தி வாசகம் 'பினா ரோக்-டோக்' என்று, அதாவது தடுத்து நிறுத்தாமல் என்று, தெளிவாகவே சொல்லிவிடுகிறது. இந்தியில் 'ரோக்' எதுவோ, ஆங்கிலத்தில் இந்த 'லெட்' அதுதான்.

பழைய ஆங்கிலத்தில் இவை இரண்டு தனித்தனி வினைச்சொற்கள். ஒன்று 'லேட்டன்', விடுதல். மற்றொன்று 'லெட்டன்', தடுத்தல் அல்லது தாமதப்படுத்துதல்; இன்று நாம் தாமதத்துக்குச் சொல்லும் 'லேட்' என்ற சொல்லுக்கு இது உறவு. காலப்போக்கில் உயிரொலிகள் தேய்ந்து இரண்டும் ஒரே உச்சரிப்புக்கு வந்து சேர்ந்தன. விடு என்பதும் தடு என்பதும் ஒரே ஒலியில் வழங்கினால் எந்த மொழியும் நெடுநாள் தாங்காது. தடுக்கும் 'லெட்' மெல்ல வழக்கொழிந்தது. ஆனால் அது ஷேக்ஸ்பியர் காலத்தில் உயிரோடிருந்தது. தந்தையின் ஆவி கையசைத்து அழைக்க, அதன் பின்னே போகவிடாமல் நண்பர்கள் பிடித்து நிறுத்தும்போது ஹாம்லெட் கத்துவது, என்னை 'லெட்' செய்கிறவனை ஆவியாக்கிவிடுவேன் என்றுதான். இன்றைய பொருளில் வாசித்தால், வழிவிடுகிறவனையே கொல்லப் போவதாக அவன் மிரட்டுவதாகிவிடும். டென்னிஸ் ஆட்டத்தில் சர்வ் செய்யும் பந்து வலையைத் தொட்டுக்கொண்டு போய் உரிய கட்டத்தில் விழுந்தால் நடுவர் சொல்லும் 'லெட்'டும் இந்தத் தடைதான் என்பது அகராதிகளின் விளக்கம்.

ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் தொழில் என்பதால் இத்தகைய சொற்களோடு எனக்கு அன்றாடப் பழக்கம் உண்டு. பழைய ஆங்கிலச் சொற்கள் என்றால் அகராதியைப் புரட்டவைக்கும் முன்பின் அறியாத சொற்களைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். தெரியாத சொல்லால் ஆபத்தில்லை, ஏனென்றால் அது தெரியாது என்பதாவது நமக்குத் தெரியும். தெரிந்த சொல்லைப் போலவே தோன்றிக்கொண்டு வேறொரு பொருளைச் சொல்லும் சொல்தான் வாசகனை ஏமாற்றுகிறது. அந்த வாக்கியத்தைத் தவறாகப் புரிந்துகொண்டோம் என்ற ஐயம்கூட இல்லாமல் அவன் அடுத்த வரிக்குப் போய்விடுகிறான்.

இத்தகைய சொற்கள் மிகுதியாகக் கிடைக்கும் இடம் 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னரின் ஆங்கில வேதாகமம். அதன் மொழி வெளியான ஆண்டிலேயே சற்றுப் பழையதாக இருந்தது, ஏனென்றால் அதைத் தயாரித்த அறிஞர்கள் 1520களில் வில்லியம் டின்டேல் செய்த மொழிபெயர்ப்பின் வாக்கியங்களைப் பெருமளவு அப்படியே எடுத்துக்கொண்டார்கள். தமிழ் வாசகருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. ஹென்றி பவர் தலைமையிலான குழு திருத்தி 1871இல் வெளிவந்த தமிழ் வேதாகமம், பழைய திருப்புதல் என்ற பெயரில் இன்றும் பெரும்பாலான சீர்திருத்தச் சபைகளில் வாசிக்கப்படுகிறது. அது எபிரெய, கிரேக்க மூலங்களைப் பார்த்துச் செய்யப்பட்டது. ஆகவே ஆங்கிலச் சொல் பொருள் மாறிப்போன இடங்களிலும் தமிழ் மூலத்தின் பொருளிலேயே நிற்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால், எந்த அகராதியும் இல்லாமலேயே பழைய ஆங்கிலச் சொல்லின் பொருள் விளங்கிவிடும்.

பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் ஆங்கிலம் 'பீ கேர்ஃபுல் ஃபார் நத்திங்' என்கிறது. எதிலும் எச்சரிக்கையாக இராதே என்று ஒரு வேதநூல் சொல்லுமா? தமிழில் பார்த்தால் 'ஒன்றுக்குங்கவலைப்படாமல்' என்று இருக்கிறது. 'கேர்' என்பதற்குக் கவலை, துயரம் என்பதே பழைய பொருள். 'கேர்ஃபுல்' என்றால் கவலை நிறைந்தவர். கவலைப்படுகிறவர் கவனமாக இருப்பார் என்ற வழியாகத்தான் அச்சொல் இன்றைய பொருளுக்கு வந்தது. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில், உயிரோடிருக்கும் நாம் இறந்தவர்களைப் 'ப்ரிவென்ட்' செய்யமாட்டோம் என்று ஆங்கிலம் சொல்வதைத் தமிழ் 'முந்திக்கொள்வதில்லை' என்கிறது. லத்தீன் வேரின்படி அச்சொல்லுக்கு முன்னால் வருதல் என்றே பொருள். ஒருவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டால் அவர் வழி மறிக்கப்படுகிறது அல்லவா? தடுத்தல் என்ற பொருள் அங்கிருந்து வந்தது. சிறு பிள்ளைகளை என்னிடத்தில் வர 'சஃபர்' செய்யுங்கள் என்ற புகழ்பெற்ற வாசகத்தைக் கேட்டு, பிள்ளைகள் ஏன் துன்பப்பட வேண்டும் என்று யோசிக்க வேண்டியதில்லை. 'இடங்கொடுங்கள்' என்று தமிழ் சொல்கிறது. பேதுரு குறிப்பிடும் மனைவியரின் 'கான்வர்சேஷன்' அவர்களுடைய பேச்சு அன்று, 'நடக்கை'. அங்கே பேச்சில்லாமலேயே கணவர்களை ஆதாயப்படுத்துவதைப் பற்றித்தான் சொல்லப்படுகிறது என்பதால், இன்றைய பொருளில் வாசித்தால் வசனம் தலைகீழாகிவிடும்.

ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் விதை தரும் பூண்டுகளையும் கனி தரும் மரங்களையும் காட்டி, இவை உங்களுக்கு 'மீட்' ஆக இருக்கும் என்று கடவுள் மனிதனிடம் சொல்கிறார். தமிழில் அது 'ஆகாரம்'. ஆங்கிலேயர் உணவு முழுவதையும் அச்சொல்லால் குறித்த காலம் ஒன்று இருந்தது. இறைச்சிக்கு அப்போது வேறு சொல் இருந்தது. அந்தப் பழைய பொருளை இன்று நாம் காண்பது, இந்திய ஆங்கிலத்தில் இனிப்புக் கடைகளுக்கு வழங்கும் 'ஸ்வீட்மீட்' என்ற பெயரில்தான். சுத்த சைவக் கடையின் பெயர்ப்பலகையில் அச்சொல் நிற்பதைக் கண்டு யாரும் ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை.

மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் ஏரோதியாளின் மகள் யோவானின் தலையைக் கேட்கும் இடம் இன்றைய இளைஞருக்கு இன்னும் விசித்திரமாக இருக்கும். 'பை அண்ட் பை', ஒரு 'சார்ஜரில்' வைத்துத் தலையைக் கொடு என்கிறாள் அவள். சார்ஜர் என்பது அக்காலத்தில் இறைச்சி பரிமாறும் பெரிய தட்டு. முதல் தொடரோ அதைவிடச் சுவையானது. இன்று அதற்குச் சற்றுப் பொறுத்து, போகப்போக என்று பொருள், அன்று உடனடியாக. தமிழும் 'இப்பொழுதே' என்கிறது. இப்படித் தளர்ந்துபோனது இந்தச் சொல் மட்டும் அன்று. 'சூன்' என்பதன் பழைய வடிவம் 'சோனா', அதன் பொருள் அந்தக் கணமே. 'அனான்' என்றால் உடனே. ஷேக்ஸ்பியரில் ஒருவன் 'ப்ரெசென்ட்லி' வருகிறேன் என்றால் இதோ, இந்தக் கணமே வருகிறேன் என்று பொருள். நான்கு சொற்களும் உடனே என்பதிலிருந்து நழுவி, கொஞ்ச நேரத்தில் என்ற பொருளுக்கு வந்து நின்றன. ஒலி மாற்றத்துக்கு இலக்கண ஆசிரியர்கள் விதி சொல்வார்கள். இதற்கு விதி மனித சுபாவம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதோ வந்துவிட்டேன் என்று கைப்பேசியில் சொல்கிறவர் இன்னும் வீட்டை விட்டே கிளம்பவில்லை என்பது நமக்குத் தெரியாததா?

பொருள் இழிந்த சொற்களும் உயர்ந்த சொற்களும் உண்டு. 'சில்லி' என்பது ஒருகாலத்தில் பேறுபெற்றவர் என்று பொருள்பட்டது; பிறகு கபடமற்றவர், பிறகு இரக்கத்துக்குரியவர், கடைசியில் அசடு. 'நைஸ்' இதற்கு எதிர்த்திசையில் பயணம் செய்தது: அறியாதவர் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்து, முட்டாள் என்ற பொருளில் தொடங்கி, பாராட்டாக முடிந்தது. 'ஸ்டிங்க்' என்பதன் பழைய வடிவம் நறுமணத்துக்கும் வழங்கியது என்பதை நம்ப ஆங்கிலேயருக்குச் சிரமமாக இருக்கலாம். மொட்டுக்குள் இருக்கும் மணத்தைத் திருவள்ளுவர் 'நாற்றம்' என்று சொல்லக் கேட்டு வளர்ந்த நமக்கு அதில் வியப்பில்லை.

இவற்றையெல்லாம்விட ஆழமாகப் பார்க்க வேண்டியது 'தௌ' என்ற முன்னிலைச் சொல். இன்றைய ஆங்கிலத்தில் ஒருவரானாலும் பலரானாலும், குழந்தையானாலும் நீதிபதியானாலும் 'யூ' ஒன்றுதான். முன்பு அப்படி இல்லை. ஒருவரை 'தௌ' என்றும் பலரை 'யீ', 'யூ' என்றும் அழைத்தார்கள். பிரெஞ்சு வழக்கத்தைப் பின்பற்றி, மதிப்புக்குரிய ஒருவரையும் பன்மையில் அழைக்கும் பழக்கம் 13ஆம் நூற்றாண்டளவில் நுழைந்தது. அதன் பிறகு 'தௌ' என்பது நண்பர்களுக்கும், பிள்ளைகளுக்கும், வேலைக்காரருக்கும், கடவுளுக்கும் உரியதாயிற்று. ஒருமைக்கு நீ, மரியாதைக்குப் பன்மையான நீர், அதுவும் போதாமல் நீங்கள் என்று வளர்ந்த மொழியைப் பேசும் நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. இரண்டு பிரபுக்கள் பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென ஒருவர் 'தௌ'வுக்கு மாறினால் அங்கே என்ன நடக்கிறது என்பது, இன்றைய ஆங்கில மாணவரைவிடத் தமிழ் மாணவருக்கு விரைவாகப் புரியும்.

1603இல் வின்செஸ்டரில் சர் வால்டர் ராலே மீது அரசத்துரோக வழக்கு நடந்தது. அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்ட் கோக், ராலேயைப் பாம்பு என்று ஏசியதோடு நிற்காமல், உன்னை நான் 'தௌ' என்றே சொல்வேன், துரோகியே என்று அச்சொல்லையே வினைச்சொல்லாக்கி வீசினார். எலிசபெத் அரசியின் அரசவையில் செல்வாக்கோடு இருந்த மனிதரைத் திறந்த நீதிமன்றத்தில் நீ, வா, போ என்று பேசியது எவ்வளவு பெரிய அவமதிப்பு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்றை நான் கண்டதில்லை. அதே நூற்றாண்டின் நடுவில் ஜார்ஜ் ஃபாக்ஸும் அவரைப் பின்பற்றிய குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினரும், கடவுளின் முன் எல்லோரும் சமம் என்பதால் ஏழை, பணக்காரர் பார்க்காமல் ஒருவரை ஒருமையில்தான் அழைப்போம் என்று உறுதியாக நின்றார்கள். நீதிபதியையும் 'தௌ' என்று அழைத்ததற்காக அவர்கள் ஏச்சும் அடியும் பட்டார்கள். ஆங்கிலச் சமூகம் கடைசியில் சமத்துவத்துக்கு வரத்தான் செய்தது, ஆனால் எதிர்வழியில்: எல்லோரையும் நீ என்று அழைப்பதற்குப் பதிலாக எல்லோரையும் நீங்கள் என்று அழைத்தது. இங்கிலாந்தின் வடபகுதியில், குறிப்பாக யார்க்‌ஷயரில், 'தா' என்ற வடிவில் பழைய ஒருமை இன்னும் முதியவர்கள் வாயில் கேட்கிறது.

பேச்சிலிருந்து மறைந்த 'தௌ' வேதாகமத்திலும் பிரார்த்தனைகளிலும் மட்டும் தங்கியது. அதனால் பிற்காலத்தவர் அதை மிகுந்த பயபக்திக்குரிய சொல்லாக, நம் 'தேவரீர்' போல, எண்ணத் தொடங்கிவிட்டார்கள். உண்மையில் அது சுந்தரர் பித்தா என்று கூப்பிட்டு 'உன்னை' என்று பேசும் நெருக்கத்தின் சொல். தமிழ் வேதாகமம் கடவுளை 'நீர்' என்கிறது, தேவாரம் 'நீ' என்கிறது. ஜேம்ஸ் மன்னரின் வேதாகமம் இலக்கண அளவில் தேவாரத்தின் பக்கம் இருக்கிறது என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே படும்.

'வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ' என்ற வரிக்கு நேர்ந்த கதியும் இதனோடு சேர்ந்ததே. முதல் சொல்லுக்கு எங்கே என்று பொருள்கொண்டு, பள்ளி ஆண்டுவிழா மேடைகளில் ஜூலியட் வேடமிட்ட பெண் கையை நெற்றியில் வைத்துத் தோட்டத்தில் காதலனைத் தேடுவாள். அதன் பொருள் ஏன் என்பது. பகையாளி வீட்டுப் பெயரைத் தாங்கி, நீ ஏன் ரோமியோவாகப் பிறந்தாய் என்று அவள் புலம்புகிறாள். அவன் எங்கே இருக்கிறான் என்பது அப்போது அவளுக்குப் பொருட்டே இல்லை. பழங்காலத் தோற்றத்துக்காகக் கடைகளில் எழுதிவைக்கும் 'யீ ஓல்ட்' இன்னொரு வேடிக்கை. பழைய ஆங்கிலத்தில் 'த' ஒலிக்குத் 'தோர்ன்' என்று தனி எழுத்து இருந்தது. இங்கிலாந்தின் முதல் அச்சகத்தாரான காக்ஸ்டன் 1476இல் அச்சுக்கூடம் நிறுவிய காலத்தில் ஐரோப்பியக் கண்டத்திலிருந்து வந்த அச்செழுத்துகளில் அது இல்லாததால், உருவத்தில் அதை ஒத்திருந்த 'ஒய்' எழுத்தை அச்சுக்கோப்போர் பயன்படுத்தினார்கள். படிக்கும்போது அன்று யாரும் அதை 'யீ' என்று உச்சரிக்கவில்லை. 'தி' என்றே படித்தார்கள்.

என் மேசைக்கு வரும் பத்திரங்களில் இந்தச் சொற்களுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்படும் கிரயப் பத்திரம் பலவற்றில், வரலாற்றுப் பகுதி முடிந்ததும் 'விட்னஸெத்' என்று ஒரு சொல் பெரிய எழுத்தில் நிற்கும். சாட்சி என்று அதைத் தனியே மொழிபெயர்த்து, யார் சாட்சி என்று கட்சிக்காரரைக் குழப்பும் மொழிபெயர்ப்புகளை நான் பார்த்திருக்கிறேன். அது பெயர்ச்சொல் அன்று. 'எத்' என்பது படர்க்கை ஒருமையின் பழைய விகுதி. இங்கிலாந்தின் வடக்கிலிருந்து பரவிய 'ஸ்' விகுதி 17ஆம் நூற்றாண்டில் அதை விரட்டிவிட்டது. இந்தப் பத்திரம் சான்றளிப்பது என்னவென்றால் என்பதே வாக்கியம், பத்திரமே எழுவாய். பொது அதிகார ஆவணங்களின் தொடக்கத்தில் 'நோ ஆல் மென் பை தீஸ் ப்ரெசென்ட்ஸ்' என்று வரும் தொடரில் பரிசுப்பொருள் எதுவும் இல்லை. கையில் இருக்கும் இந்த எழுத்துகளால் அனைவரும் அறிக என்ற லத்தீன் தொடரின் நேர்பெயர்ப்பு அது. தமிழ்ப் பத்திர எழுத்தர்கள் தம் பங்குக்கு வைத்திருக்கும் 'நான் மனப்பூர்வமாய்ச் சம்மதித்து எழுதிக்கொடுத்த' என்பது இதைவிட எவ்வளவோ தெளிவானது.

'குட்ஸ் அண்ட் சாட்டல்ஸ்' என்ற இரட்டைத் தொடரும் அப்படித்தான் பத்திரங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1066இல் நார்மன்கள் வென்ற பிறகு இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் பிரெஞ்சு மொழி கோலோச்சியது. ஆங்கிலத்தில் வாதாடலாம் என்று சட்டம் வந்ததே 1362இல்தான். ஆங்கிலச் சொல் ஒன்று, பிரெஞ்சுச் சொல் ஒன்று என இரண்டையும் போட்டுவைக்கும் வழக்கம் அந்தச் சூழலில் வேரூன்றியது. இதில் 'சாட்டல்' என்பதும் மாடுகளைக் குறிக்கும் 'காட்டில்' என்பதும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள், மூலப்பொருள் சொத்து. நாம் கட்டும் 'ஃபீஸ்' கதையிலும் பழைய ஆங்கிலத்தில் மாட்டுக்கும் செல்வத்துக்கும் சேர்த்து வழங்கிய 'ஃபெஓ' என்ற சொல் கலந்திருக்கிறது. செல்வத்தை 'மாடு' என்று சொன்ன குறளைப் படித்தவர்கள் இங்கே தலையசைப்பார்கள்.

அழகான பழைய ஆங்கிலச் சொற்கள் என்று பட்டியல்கள் போடப்படுவதை அடிக்கடி பார்க்கிறேன். அவற்றில் எனக்கு நம்பிக்கை குறைவு. குளிர்காலத்து வெயிலின் இளஞ்சூட்டைக் குறிக்கும் 'அப்ரிசிட்டி' என்ற சொல் ஏறக்குறைய எல்லாப் பட்டியலிலும் இடம்பெறும். 1623இல் ஹென்றி காக்கரம் வெளியிட்ட கடினச்சொல் அகராதியில் அது இருக்கிறது. அதற்கு வெளியே அதை இயல்பாக வழங்கியவர்களைக் காண்பது அரிது. லத்தீன் சொற்களுக்கு ஆங்கில விகுதி சேர்த்து அகராதியில் அடுக்குவது அக்காலப் புலவர்களின் பழக்கம். மைக்கூட்டுச் சொற்கள் என்று அப்போதே அவற்றைக் கேலி செய்தார்கள். இவற்றுக்கு மாறாக, சர் ஜான் சீக் என்பவர் கலப்பில்லாத ஆங்கிலத்தில் மத்தேயு சுவிசேஷத்தை மொழிபெயர்க்க முயன்று, நூற்றுக்கு அதிபதியை 'ஹண்ட்ரடர்' என்றும் சந்திரரோகியை 'மூன்ட்' என்றும் எழுதினார். அவையும் நிலைக்கவில்லை. பட்டியல்களில் உண்மையிலேயே இழப்பு என்று சொல்லத்தக்கது 'ஓவர்மாரோ'. 1535இல் கவர்டேல் வெளியிட்ட வேதாகமத்தில் இன்று, நாளை, அடுத்து நாளை மறுநாள் என்று வரிசையாக வரும் இடத்தில் அது இருக்கிறது. ஜெர்மன் மொழி அதற்கு நிகரான சொல்லை இன்றும் வைத்துக்கொண்டிருக்கிறது. ஆங்கிலமோ நாளைக்கு அடுத்த நாள் என்று நீட்டி முழக்குகிறது.

பழைய நூலோ பத்திரமோ வாசிப்பவர்களுக்குக் கையடக்க அகராதி பயன்படாது, ஏனென்றால் அது இன்றைய பொருளை முதலில் தந்து பழையதை விட்டுவிடும். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி பொருள்களைக் கால வரிசையில், மிகப் பழையதிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றுக்கும் ஆண்டோடு கூடிய மேற்கோள் வாக்கியங்களைத் தந்து அடுக்குகிறது. வழக்கொழிந்த சொல்லுக்கும் பொருளுக்கும் முன்னால் சிறு குத்துவாள் குறி இருக்கும். 1884இல் முதல் பகுதி வெளியாகி 1928இல் முடிந்த அந்தப் பெருநூலுக்காகத் தன்னார்வலர்கள் துண்டுச் சீட்டுகளில் மேற்கோள்களை எழுதி அனுப்பினார்கள். சீட்டுகள் தொலைந்ததால் ஒரு சொல் மட்டும் விடுபட்டுப்போனது பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மரேயை மிகவும் வருத்தியது. அந்தச் சொல் 'பாண்ட்மெய்ட்', அடிமைப்பெண். லேவியராகமத்திலும் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்திலும் எல்லோரும் வாசித்துக்கொண்டிருந்த அச்சொல் அகராதிக்குள் வந்தது 1933இல் வெளியான பிற்சேர்க்கையில்தான்.